டிக்கிக்குள் ஒரு சப் வூஃபர்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் எந்த கார் ஆடியோ கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அட்டைப்பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சடித்த வாட்ஸ் கணக்குதான். 1200 வாட்ஸ், 2000 வாட்ஸ், 3500 வாட்ஸ். “எடுத்துக்கோங்க சார், கண்ணாடியே அதிரும்” என்பார் கடைக்காரர். அந்த நேரத்தில் ஆம்பைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, வயர் மாட்டும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பல ஆம்ப்களில் அங்கே ஒரு பிளேடு ஃபியூஸ் செருகியிருக்கும். பச்சை நிறமாக இருந்தால் அது 30 ஆம்பியர். ஓடும் காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 414 வாட்ஸ். அந்த ஆம்ப் பேட்டரியிடமிருந்து தொடர்ந்து வாங்கக்கூடிய அதிகபட்ச மின்சாரமே அவ்வளவுதான். அதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மீதி 330 வாட்ஸ் ஸ்பீக்கருக்குப் போனால் பெரிய விஷயம். 2000 எங்கிருந்து வந்தது என்பதை அச்சடித்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

காரில் பேஸ் நன்றாகக் கேட்பதும் கேட்காததும் அட்டையில் போடாத சங்கதிகளில்தான் இருக்கிறது: பெட்டியின் கொள்ளளவு, பேட்டரியிலிருந்து வரும் வயரின் தடிமன், எர்த் பிடித்த இடம், கடைசியாக ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் கெயின். இந்த அத்தியாயம் அவற்றை அந்த வரிசையிலேயே பார்க்கிறது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 2018 மாடல் மாருதி சுவிஃப்ட். கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல், 12 அங்குல சப் வூஃபர் ஒன்று, 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் மோனோ ஆம்ப் ஒன்று, இவ்வளவுதான் கணக்கு.

கம்பெனி ஸ்டீரியோ ஏன் திணறுகிறது

பல ஸ்டீரியோக்களின் முகப்பில் ‘50 வாட்ஸ் × 4’ என்று இருக்கும். கார் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிப், கார் ஓடும்போது கிடைக்கும், அதிகம் போனால் 14.4 வோல்ட்டை அப்படியே வைத்து வேலை செய்கிறது. அதை உயர்த்தும் வசதி அதில் கிடையாது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, அலை சிதையாமல் தரக்கூடிய உச்சம் சுமார் 26 வாட்ஸ். சிப்புக்குள் ஆகும் இழப்பைக் கழித்தால் 20 சொச்சம். ஒலியை முற்றிலும் நசுக்கி, அலையின் தலையைச் சதுரமாக வெட்டிவிட்டால்தான் கணக்குப்படி 50 வரும். அது பாட்டு இல்லை, இரைச்சல்.

தனி ஆம்புக்குள் முதலில் இருப்பது ஒரு மின்மாற்றிச் சுற்று. அது 12 வோல்ட்டை வாங்கி, அதைவிட மிக உயர்ந்த மின்னழுத்தமாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகே ஒலியைப் பெருக்குகிறது. ஆம்பின் விலையில் கணிசமான பங்கு இதற்குத்தான் போகிறது.

ஸ்பீக்கர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பேஸ் கிடாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்பு, சில மில்லிமீட்டர் மட்டுமே முன்னும் பின்னும் அசையும். 12 அங்குல வூஃபரின் கூம்புப் பரப்பு அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அசையும் தூரமும் பல மடங்கு. அதனால்தான் ஈக்வலைசரில் பேஸை எவ்வளவு ஏற்றினாலும் கதவு டிரிம் கடகடக்கிறதே தவிர, அடி ஒலி எழுவதில்லை.

எதை வாங்குவது

அட்டையில் ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்று போட்டிருக்கும் எண்களை ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். என்ற எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணுத் தொழில் சங்கம் 2003-இல் சி.இ.ஏ. 2006 என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவு 1 சதவீதத்துக்குள் இருக்கும்போது அளந்த வாட்ஸைத்தான் அதன்படி அச்சிடலாம். அந்த முத்திரை இருக்கும் 300, முத்திரை இல்லாத 2000-ஐவிட நம்பத்தக்கது.

வூஃபரில் பார்க்க வேண்டியது ஓம் கணக்கு. ஒரே வாய்ஸ் காயில் உள்ளவை, இரட்டைக் காயில் உள்ளவை என இரண்டு வகை. 4 ஓம் காயில் இரண்டு இருந்தால் அவற்றை இணையாக மாட்டினால் 2 ஓம், தொடராக மாட்டினால் 8 ஓம். 2 ஓம் காயில் இரண்டு இருந்தால் இணையாக 1, தொடராக 4. ஆம்ப் 2 ஓம் வரை தாங்கும் என்றால் அதை 1 ஓமில் மாட்டக் கூடாது. புரொடெக்ட் விளக்கு எரிந்து அணைந்துவிடும், அல்லது புகைந்துவிடும். மாட்டி முடித்ததும் பெட்டியின் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆம்புடன் சேர்க்க வேண்டும். மீட்டரில் எண் கொஞ்சம் குறைவாகத் தெரியும். 4 ஓம் காயில் 3.5 காட்டினால் கோளாறு இல்லை.

நம் உதாரணத்தில் 4 ஓம் இரட்டைக் காயில் வூஃபரை இணையாக மாட்டி, 2 ஓமில் 300 வாட்ஸ் தரும் டி வகுப்பு மோனோ ஆம்ப் வைத்துக்கொள்ளலாம். டி வகுப்பு ஆம்ப் வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். பழைய ஏ.பி. வகுப்பு ஆம்ப் பாதிக்குச் சற்று மேல்தான் கொடுக்கும், மீதி சூடு. சித்திரை வெயிலில் மூடி நிற்கும் காரின் டிக்கியில் இந்த வித்தியாசம் பெரியது.

டிக்கியில் இடம் விட மனமில்லாதவர்களுக்கு, ஆம்பும் வூஃபரும் ஒன்றாகச் சேர்ந்த, சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான வகை உண்டு. பாட்டுக்கு அடித்தளம் கொடுக்கும், கண்ணாடியை அதிர வைக்காது. வயர் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருவில் காரை நிறுத்துபவர்கள் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்களுக்குள் தண்ணீர் ஏறியபோது முதலில் முழுகியவை தரையோடு தரையாக இருந்த இந்த மாதிரிப் பொருள்கள்தான்.

பெட்டி: மூடியதா, துளை விட்டதா

பெட்டி இல்லாமல் வூஃபரை வெறுமனே ஒலிக்கவிட்டால், கூம்பின் முன்பக்கம் தள்ளும் காற்றைப் பின்பக்கம் இழுத்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பெட்டியின் முதல் வேலை அந்த இரண்டையும் பிரிப்பது. 1954-இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர், சின்ன மூடிய பெட்டிக்குள் அடைத்த காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஆழமான பேஸ் எடுக்கலாம் என்று காட்டியது. துளை விட்ட பெட்டிகளின் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் ஒழுங்குபடுத்தினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்தெழுதினார். வூஃபரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று எண்கள் இருக்குமே, அவை இந்த இருவரின் பெயரால் வழங்கும் அளவுகள்தான். அதே தாளில் கம்பெனி பரிந்துரைக்கும் பெட்டியின் கொள்ளளவும் இருக்கும். தச்சரிடம் அந்தத் தாளோடு போக வேண்டும்.

சின்ன காருக்கு மூடிய பெட்டி நன்றாகப் பொருந்த ஒரு காரணம் உண்டு. மூடிய பெட்டியின் ஒலி, ஒரு கட்டத்துக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபெல் குறையும். கார் கேபினோ இதற்கு நேர்மாறு. உள்நீளம் 3 மீட்டர் என்றால், ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அலையாகப் பரவ இடமில்லை. கேபினுக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும். அதனால் கீழே போகப் போகச் சத்தம் கூடும், கோட்பாட்டுப்படி அதே 12 டெசிபெல். ஒன்று குறைக்க, மற்றது கூட்ட, கணக்கு நேராகிவிடுகிறது. துளை விட்ட பெட்டி அதிகச் சத்தம் தரும். ஆனால் அது டியூன் செய்த இடத்துக்குக் கீழே 24 டெசிபெல் வீதம் சரியும், அளவும் பெரிது. கானா, குத்துப்பாட்டு, இ.டி.எம். மட்டும் கேட்பவர்களுக்கு அது பிடிக்கும். பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பவர்கள் மூடிய பெட்டியிலேயே நிற்கலாம்.

12 அங்குல வூஃபர்கள் பலவற்றுக்கு மூடிய பெட்டியில் 28 லிட்டர், அதாவது ஒரு கன அடி, போதும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் உள்ளளவு 36 × 34 × 24 சென்டிமீட்டர் என்று செய்தால் 29 லிட்டர் சொச்சம் வரும். வூஃபரின் காந்தம் அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். வெளியளவில் அது 41 லிட்டர். சுவிஃப்ட்டின் டிக்கி 268 லிட்டர். ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கைக்கு இன்னும் இடம் இருக்கும். பிளைவுட்டும் ஆகும். துகள் பலகை வேண்டாம். ஈரத்தில் உப்பி, ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். மூலைகளில் உள்ளே ஃபெவிகாலும் சிலிக்கானும் இழுத்துவிட்டு, காய்ந்ததும் வூஃபரை மாட்டி, கூம்பை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். தயங்கித் தயங்கி மேலே வந்தால் பெட்டியில் கசிவில்லை. உடனே துள்ளி வந்தால் எங்கோ காற்று போகிறது.

பெட்டியும் வூஃபரும் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும். அதை டிக்கியில் சும்மா வைத்துவிட்டுப் போகக் கூடாது. நெடுஞ்சாலையில் அடித்து நிறுத்தும்போது பின்சீட்டில் இருப்பவர்கள் முதுகில் வந்து மோதுவது அதுதான். எல் வடிவ பிராக்கெட்டோ பெல்ட்டோ போட்டு பாடியோடு இறுக்க வேண்டும்.

வயரும் ஃபியூஸும்

இந்த வேலையில் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள பகுதி இது. கவனமும் பணமும் இங்கே போகட்டும்.

300 வாட்ஸ் வெளியே வர 375 வாட்ஸ் உள்ளே போக வேண்டும், 13.8 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் வயர். 8 கேஜ் செம்பு வயரில், அதாவது சுமார் 8 சதுர மில்லிமீட்டரில், இந்தத் தூரத்தில் 0.3 வோல்ட்டுக்குள் இழப்பு நிற்கும். அதே 8 கேஜ் என்று சொல்லி விற்கும் மலிவு கிட்டில் இருப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். இழப்பு அரை வோல்ட்டை நெருங்கும், சூடும் கூடும். தெரிந்துகொள்ள எளிய வழி: நுனியைச் சீவி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ஓ.எஃப்.சி. என்று போட்ட செம்பு வயர் கிடைக்காவிட்டால், அலுமினியத்தில் ஒரு படி தடிமனான 4 கேஜ் எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள் மெயின் ஃபியூஸ் வர வேண்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆம்பில் இருப்பது ஆம்பைக் காப்பாற்றும். மெயின் ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வழியில் எங்கோ தகரத்தில் உரசி, அல்லது எலி கடித்து வயர் பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத வயரில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பிளாஸ்டிக் உருகி, கார்ப்பெட் பற்றிக்கொள்ள நேரம் ஆகாது. நம் உதாரணத்துக்கு 40 ஆம்பியர் ஏ.என்.எல். ஃபியூஸ் சரி. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுவது, காவலாளியைத் தூங்கச் சொல்வது மாதிரி.

கடையில் ‘1 ஃபாரட் கபாசிட்டர்’ ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 13.8 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தரக்கூடிய ஆற்றல் 23 ஜூல். 375 வாட்ஸ் வாங்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் ஏறத்தாழ ஆறு சதவீத நேரம்தான் தாக்குப்பிடிக்கும். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் பேட்டரி டெர்மினல், எர்த், ஆல்டர்னேட்டர் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மாட்டும் வேலை

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் சுற்றில் சார்ஜ் மிச்சமிருக்கும். மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் எங்கே தெரிந்தாலும் அது ஏர்பேக் வயர். முன்சீட்டுக்கு அடியிலும் பில்லர் டிரிம்முக்கு உள்ளேயும் போகலாம், அதைத் தொடக் கூடாது. ஆரஞ்சு கேபிள் இருக்கும் ஹைபிரிட், மின்சார கார்களில் உயர்மின்னழுத்தம் ஓடுகிறது. அந்தக் கார்களை இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டாம்.

பானட்டிலிருந்து உள்ளே வயர் கொண்டுவர, என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில் கம்பெனி வயரிங் நுழையும் ரப்பர் கிரமட்டைத் தேட வேண்டும். அதன் ஓரத்தில் சின்னதாகக் கீறி, கம்பியில் வயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். புதுத் துளை போடுவது கடைசி வழி. அந்தப் பக்கம் ஏ.சி. குழாயோ பிரேக் லைனோ இருக்கலாம். துளை போட்டால் கட்டாயம் கிரமட் போட வேண்டும். வெறும் தகர விளிம்பில் படும் வயர், காரின் அதிர்விலேயே சில மாதத்தில் அறுபடும்.

உள்ளே வந்த பவர் வயரை, பேட்டரி இருக்கும் பக்கத்துக் கதவடிப் பட்டைக்குக் கீழே ஓட்ட வேண்டும். அந்தப் பட்டை கிளிப்பில்தான் நிற்கிறது, மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும். ஒலி சிக்னல் போகும் ஆர்.சி.ஏ. கேபிளும், ஆம்பை எழுப்பும் ரிமோட் வயரும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் போனால் பவர் வயரின் இரைச்சல் சிக்னலில் ஏறும். எங்காவது குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எர்த் வயர் குட்டையாக, ஒரு மீட்டருக்குள், பவர் வயரின் அதே தடிமனில் இருக்க வேண்டும். டிக்கியில் பாடியோடு சேர்ந்த போல்ட் ஒன்றைத் தேர்ந்து, சுற்றியுள்ள பெயின்ட்டை எமரி பேப்பரால் தேய்த்து, பளபளவென்று வெறும் இரும்பு தெரிந்த பிறகு, கிரிம்ப் செய்த லக்கை நட்சத்திர வாஷரோடு முறுக்க வேண்டும். மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்ட்டோ தடவினால் துரு வராது. சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி எர்த் பிடிக்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவிலேயே நேராகப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள புதிய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டிப் பிடித்தால் ஆம்ப் எடுக்கும் மின்சாரம் காரின் கணக்கில் வராது, பேட்டரி சார்ஜ் தப்பாகும்.

ஆம்பை டிக்கியின் பக்கவாட்டிலோ பின்சீட்டின் முதுகிலோ, சுற்றிலும் இரண்டு அங்குலம் காற்றோட்டம் விட்டு மாட்டலாம். வூஃபர் பெட்டிமேலேயே ஸ்க்ரூ செய்வது வழக்கம்தான் என்றாலும், ஓயாத அதிர்வில் உள்ளே சால்டரிங் விட்டுப்போகும். ஸ்பேர் டயர் குழிக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். டிக்கி ரப்பர் கிழிந்தால் மழைத் தண்ணீர் சேரும் முதல் இடம் அது.

சிக்னல் எங்கிருந்து

வெளியில் வாங்கிய ஸ்டீரியோ என்றால் பின்னால் ஆர்.சி.ஏ. அவுட் இருக்கும். ஆம்பை எழுப்பும் ரிமோட் வயர், வெள்ளைக் கோடு போட்ட நீல வயர். கோடில்லாத நீலம் பவர் ஆன்டெனாவுக்கு. சில செட்களில் ரேடியோ போடும்போது மட்டுமே அதில் மின்சாரம் வரும், அதில் மாட்டினால் யூ.எஸ்.பி. பாட்டில் ஆம்ப் தூங்கும்.

சுவிஃப்ட்டின் கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டால் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுக்க வேண்டும். பல ஆம்ப்களில் அதற்கென்றே ‘ஹை லெவல் இன்புட்’ இருக்கிறது; அந்த வயரில் ஒலி வந்ததும் தானே எழும் வசதியும் சிலவற்றில் உண்டு. இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை ஆர்.சி.ஏ. அளவுக்குக் குறைக்கும் ஓர் எல்.ஓ.சி. (லைன் அவுட்புட் கன்வர்ட்டர்) இடையில் போட வேண்டும். கம்பெனி வயரை வெட்டிச் சேர்ப்பதைவிட, அந்த மாடலுக்கென விற்கும் டி கப்ளரை வாங்கிச் செருகுவது மேல். வயரை வெட்டியிருந்தால், நாளைக்கு எந்த மின்கோளாறுக்கும் சர்வீஸ் சென்டர் அதையே காரணம் காட்டி வாரன்டியை மறுக்கலாம்.

கெயின் என்பது வால்யூம் அல்ல

வூஃபர் கருகுவதற்கு வாட்ஸ் கூடிப்போனதைவிட, கெயினைக் கோடிவரை திருப்பியதே பெரும்பாலும் காரணம். கெயின், ஸ்டீரியோ தரும் சிக்னலையும் ஆம்பின் உச்சத்தையும் பொருத்தும் குமிழ். தேவைக்கு மேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, காயில் சூடாகும்.

இதைச் சரியாக வைக்க ஒரு மல்டிமீட்டரும், 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிக்கோப்பு ஒன்றும் போதும். வூஃபர் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள் நடுவில், லவுட்னஸ் அணைத்து, ஆம்பில் பேஸ் பூஸ்ட் சுழியில், கெயின் அடியில். என்ஜினை ஓடவிட்டு, அந்த ஒலியைப் போட்டு, வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்ற வேண்டும். இனி மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்துக்கொண்டு கெயினை மெல்லத் திருப்ப வேண்டும். எந்த எண்ணில் நிறுத்துவது? வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட்ஸ், 2 ஓம் என்றால் 600-இன் வர்க்கமூலம், 24.5 வோல்ட். மீட்டர் 24 காட்டியதும் கையை எடுத்துவிடலாம். குமிழ் பாதிகூடத் திரும்பியிருக்காது. அது சரிதான்.

பிறகு ஃபில்டர். ஆம்பில் லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ். ஸ்டீரியோவில் ஹை பாஸ் வசதி இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்கும் 80. கீழ் ஒலிச் சுமை போனதும் அவற்றின் குரல் தெளிவு கூடுவது உடனே தெரியும். துளை விட்ட பெட்டி என்றால் சப்சானிக் ஃபில்டரைப் பெட்டி டியூன் செய்த அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். அதற்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடி இல்லை, கட்டறுந்து ஆடும். கடைசியாக ஃபேஸ் பொத்தான்: 0, 180 இரண்டிலும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டு, எதில் பேஸ் கனமாகவும் முன்னாலிருந்து வருவதுபோலவும் இருக்கிறதோ அதில் விட்டுவிடலாம்.

கேட்டுப் பார்க்க இளையராஜாவின் 1980-களின் பாடல்கள் நல்ல உரைகல். அவற்றில் பேஸ் கிடார் பாட்டோடு சும்மா ஒட்டிப் போவதில்லை, தனக்கென்று ஒரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். அந்த மெட்டு ஏறி இறங்குவது ஒவ்வொரு சுரமாகக் காதில் விழுந்தால் அமைப்பு சரி. ஏதோ ஒரு சுரம் மட்டும் பெரிதாக முழங்கினால் லோ பாஸைக் கொஞ்சம் இறக்கியோ, பெட்டியை டிக்கியில் திருப்பி வைத்தோ பார்க்கலாம்.

தொந்தரவுகள்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஙீ’ என்ற ஓசை ஏறினால் அது ஆல்டர்னேட்டர் இரைச்சல். ஆம்பில் ஆர்.சி.ஏ.-வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓசை நின்றால் சிக்னல் பாதையில் கோளாறு. ஸ்டீரியோவின் எர்த்தையும் கேபிள் ஓடும் வழியையும் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்தை மறுபடி சுரண்டி முறுக்க வேண்டும். இரைச்சல் வடிகட்டி வாங்குவது அதற்குப் பிறகுதான்.

அரை மணி ஓடியதும் ஆம்ப் அணைந்து, ஆறியதும் எழுந்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது ஓம் குறைவாக மாட்டியிருக்கிறது. பேஸ் அடிக்கும்போது மட்டும் ‘கிரீச்’ என்று கேட்டால் வூஃபரைச் சந்தேகப்படுவதற்கு முன் பின் நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுதான். பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டினால் தீர்ந்துவிடும். டிக்கி டிரிம், பார்சல் டிரே, உள்ளே கிடக்கும் ஜாக்கி ஆகியவை அடுத்த குற்றவாளிகள்.

சட்டமும் காப்பீடும்

இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அடி ஒலி சுவரைத் தாண்டிப் போகும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்பது அதுதான். உள்ளே இருப்பவர்களின் காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணிதான்.

கார் திருடுபோனாலோ மோதினாலோ, கம்பெனி கொடுக்காத மின்பொருளுக்குக் காப்பீட்டு நிறுவனம் தானாகப் பணம் தராது. மோட்டார் காப்பீட்டில் ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பு இதற்காகவே இருக்கிறது. பொருளின் மதிப்பில் வழக்கமாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 20,000 ரூபாய்க்குச் செலவழித்தவருக்கு வருடம் 800 ரூபாயும் வரியும். இதற்கு ஜி.எஸ்.டி. பில் வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்னும் கடையில் வாங்கினால் இந்தக் கதவு மூடிவிடும்.

மாட்டி ஒரு மாதம் ஆனதும் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது. அரை மணி நேரம் வழக்கமான சத்தத்தில் பாட்டு ஓடவிட்டு, பானட்டைத் திறந்து மெயின் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் சூட்டைவிடத் தனியாகச் சுட்டால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. பேட்டரி லக், எர்த் போல்ட், ஆம்ப் டெர்மினல், வூஃபரைச் சுற்றியுள்ள எட்டு ஸ்க்ரூ இவற்றை ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகு ஆம்பின் பவர் விளக்கும் அணைந்துவிட்டதா என்று டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். அணையாமல் இருந்தால் ரிமோட் வயரோ, தானே எழும் வசதியோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பும்போது கார் ஸ்டார்ட் ஆகாது.